உர மானியக் காசு கடைசியில் யாருடைய பைக்குள் போகுது?

1. படுவான்கரையான் (வெள்ளவத்தை)

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப் போறன், பொறுமையா வாசியுங்க.

ஊர் மட்டக்களப்பு, படுவான்கரை. இங்க கொழும்பில ஒரு கணக்காய்வு நிறுவனத்தில வேலை செய்றன். அப்பா உன்னிச்சைக் குளத்துத் தண்ணி பாயிற வட்டையில 4 ஏக்கர் குத்தகைக்குச் செய்றார். சொந்த வயல் இல்ல. காணிக்காரர் எங்கட பக்கத்துப் போடியார் குடும்பம். அவர் இப்ப இருக்கிறது என்ட வாடகை அறையில இருந்து மூணு ஒழுங்கை தள்ளி, கடற்கரைப் பக்கம் ஒரு தொடர்மாடியில. ஒவ்வொரு போகமும் குத்தகைக் காசை நான்தான் கொண்டுபோய்க் குடுக்கிற.

2024இல புது ஜனாதிபதி வந்த கையோட நெல்லுக்கான உர மானியத்த ஹெக்டயருக்கு 15,000 ரூபாவில இருந்து 25,000 ஆக்கினாங்க. உச்ச அளவு 2 ஹெக்டயர். கமநல சேவை நிலையம் எண்ட அரசாங்க விவசாயக் கந்தோர் ஏட்டில யார் பேர் இருக்கோ, அவர்ட வங்கிக் கணக்குக்குத்தான் காசு விழும். எங்கட வயலுக்கு ஏட்டில இருக்கிறது போடியார்ட பேர்.

அவர் கெட்ட மனிசன் இல்ல, இத முதல்லயே சொல்லிடுறன். காசு விழுந்ததும் எனக்கு அழைப்பு எடுத்து, "தம்பி, அப்பாட உரக் காசு வந்திட்டு, வந்து எடுத்துட்டுப் போ" எண்டார். போனன். 40,000 சொச்சம், தாள் தாளா எண்ணித் தந்தார். தேத்தண்ணியும் வந்தது. செருப்புப் போடக்குள்ள கதவடியில வந்து நிண்டு, "அடுத்த போகத்துக்கு ஏக்கருக்கு ஒரு நாலாயிரம் கூட்டித் தரச் சொல்லு. எல்லாரும் கூட்டிட்டாங்க" எண்டார்.

படியிறங்கி வரக்குள்ளதான் கணக்கு மண்டையில ஓடினது. மானியத்தில கூடினது ஹெக்டயருக்கு 10,000. ஹெக்டயர் எண்டா கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர். ஆக ஏக்கருக்கு 4,000. குத்தகையில கூடினதும் ஏக்கருக்கு 4,000.

அவருக்கு இந்தக் கணக்குத் தெரிஞ்சிருக்கும் எண்டு நான் நினைக்கல்ல. "எல்லாரும் கூட்டிட்டாங்க" எண்டது உண்மையும்தான், ஊருக்கு எடுத்துக் கேட்டுப் பாத்தன். அப்ப அரசாங்கம் கூட்டின அந்தப் பத்தாயிரம் யாருக்குக் குடுத்தது? இதுதான் என்ட கேள்வி.

2. நூலகத்து மூலை (கொழும்பு 7)

அண்ணா, நான் பொருளியல் மூன்றாம் வருடம். நீங்கள் படியில் போட்ட கணக்குத்தான் எங்கள் பாடத்தில் ஒரு முழு அத்தியாயம்.

வயலின் அளவு கூடப் போவதில்லை. உன்னிச்சைத் தண்ணீர் எவ்வளவு தூரம் பாயுமோ அவ்வளவுதான் நிலம். ஆனால் அதைச் செய்ய ஆட்கள் உண்டு. உரச் செலவு குறைந்தால் உங்கள் அப்பாவுக்கு மட்டுமல்ல, அதே வயலைக் கேட்கும் இன்னும் நான்கு பேருக்கும் குறைகிறது. அவர்களில் ஒருவர் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கத் தயார் என்பார். அப்படியே ஏறி, மிஞ்சிய காசு குத்தகையாகிவிடும். எது கிடைப்பதற்கு அரிதோ அதை வைத்திருப்பவரிடம்தான் மானியம் போய்த் தங்கும். இங்கே அரிதானது தண்ணீர் பாயும் நிலம்.

வரலாற்றைப் பாருங்கள். உர மானியம் 1962இல் தொடங்கியது. 1990இல் நிறுத்தி, 1994இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1997இல் யூரியாவுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். 2005இல் நெல்லுக்கான உரம் 50 கிலோ மூடை 350 ரூபா. 2016இல் மூடைக்குப் பதிலாக ஹெக்டயருக்கு வருடத்துக்கு 25,000 ரூபா காசு. 2018இல் மறுபடி மூடை, 500 ரூபாவுக்கு. அடுத்த அரசாங்கத்தில் இலவசம். 2022க்குப் பிறகு மறுபடி காசு. 2005க்குப் பிறகு வந்த இத்தனை மாற்றத்திலும் மாறாத ஒன்று, நிலத்தின் பரப்பை அளந்து கொடுப்பது. அரை ஏக்கர்க்காரருக்கு 5,000, ஐந்து ஏக்கர்க்காரருக்கு 50,000. இல்லாதவருக்கு இல்லை.

3. இரணைமடு வாய்க்கால் (கிராண்ட்பாஸ்)

தங்கச்சி, உங்கட விளக்கம் சரி. ஆனா இந்தக் கதை எப்பவும் கடைசியில "அப்ப மானியத்த நிப்பாட்டுவம்" எண்ட இடத்துக்குத்தான் போகும். நிப்பாட்டினா என்ன நடக்கும் எண்டு நான் கண்ணால பாத்தனான்.

2021 சித்திரையில இரசாயன உரம் இறக்குமதி இல்லை எண்டு அறிவிச்சவை. கார்த்திகையில திருப்பி எடுக்க, எங்கட காலபோகம், அதாவது மாரியில செய்யிற பெரும்போகம், பாதி முடிஞ்சுது. அம்மாவும் நானும் வரம்பில நிண்டு பாத்த பயிர் இன்னும் கண்ணுக்க நிக்குது. முழங்கால் உயரத்தில நிக்க வேண்டிய பயிர் சாண் உயரத்தில, நுனி மஞ்சளாகி, கதிர் வெளிய வர ஏலாமல் தோகைக்குள்ளயே நிண்டுது. சேதனப் பசளை எண்டு தந்த சாக்குக்குள்ள கல்லும் குச்சியும். முந்தின வருசம் ஏக்கருக்கு 35 மூடை எடுத்த காணியில 14 மூடை. நாடு முழுக்க 2020/21 பெரும்போகத்தில 30 இலட்சம் தொன் விளைஞ்சது, 2021/22இல 19 இலட்சத்துக்கு விழுந்தது. 2022இல ஒரு மூடை யூரியா கறுப்புச் சந்தையில 40,000 ரூபா வரைக்கும் போனது.

அப்ப யார் உழைச்சது? ஒளிச்சு வைச்சிருந்தவன். இழப்பீடு எண்டு 4,000 கோடி ரூபா அறிவிச்சவை, அதுவும் அதே ஏட்டைப் பாத்துத்தான். எங்கட ஒரு ஏக்கர் சொந்தக் காணிக்கு வந்தது, குத்தகைக்குச் செய்த மற்ற இரண்டு ஏக்கருக்கு வரேல்லை. அந்த வருசம்தான் நான் மோட்டச்சைக்கிளோட கொழும்புக்கு வந்தனான். இண்டைக்கும் சாப்பாட்டுப் பார்சல்தான் ஓடுறன்.

மானியத்தில குறை சொல்லுங்கோ, அதில எனக்கும் கோபம் இருக்கு. ஆனா அந்தக் காசில கால்வாசியாவது எங்கட அம்மாவின்ர கைக்கு வந்தது எண்டதையும் எழுதுங்கோ.

4. படுவான்கரையான்

அண்ணன், மானியத்த எடுக்கச் சொல்லி நான் கேட்கல்ல. கால்வாசி எண்டு நீங்க சொல்றீங்களே, மிச்ச முக்கால்வாசி எங்க போகுது எண்டுதான் தேடுறன்.

5. மருதானை அரிசிக்கடை

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பிமார் வயல்ல நிண்டு பேசுறீங்க, நான் கடையில நிண்டு சொல்றன். வாப்பாட காலத்துல இருந்து எங்களுக்கு அரிசி யாவாரம்தான். புறக்கோட்டையில எடுத்தம், இப்ப மரந்தகஹமுல சந்தையிலயும் எடுக்கிறம்.

100 கிலோ நெல்லக் குத்தினா 65 கிலோ அளவு அரிசி வரும். 2025 மாசி மாசம் அரசாங்கம் நெல்லுக்கு வகை வாரியாக் கிலோவுக்கு நாடு 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 ரூபா எண்டு உத்தரவாத விலை போட்டது. 120 ரூபா நெல்லு எண்டா அரிசி கிலோவுக்கு 185 ரூபா அடக்கம் வரும். மேல அவிக்கிற, குத்துற, ஏத்துற செலவு. நாட்டரிசிக்கு அப்ப இருந்த கட்டுப்பாட்டு விலை மொத்தத்துக்கு 225, சில்லறைக்கு 230. பாத்தா நியாயமான கணக்குத்தான். ஆனா ஆலைக்காரர் 120க்கா வாங்கினாரு? தம்பி, உங்கட வாப்பா என்ன விலைக்குக் குடுத்தாரு, அதச் சொல்லுங்க முதல்ல.

இன்னொண்டு. 2024 மார்கழியில கடையில நாட்டரிசி ஒரு பருக்கை இல்ல. வாற சனத்துக்கு முகம் குடுக்க ஏலாம நான் பின்பக்கம் போய் நிண்ட நாள் ஈக்கி. நான் சாமான் எடுக்கிற ஒரு ஆலையில கேட்டா, "ஈக்கி, ஆனா பில்லுல 225தான் எழுதுவம், மிச்சம் கையில தரணும்" எண்டாங்க. வாங்கி 230க்கு வித்தா எனக்கு நட்டம். 245க்கு வித்தா சோதனைக்கு வாறவங்க என்னத்தான் பிடிப்பாங்க. ஆலையில கையில குடுத்த காசுக்கு என்கிட்ட என்ன சாட்சி ஈக்கி? ரெண்டு கிழமை நாட்டரிசி விக்கிறதையே நிப்பாட்டினன்.

விவசாயிக்கு மானியம் குடுத்து நெல்ல விளைய வைக்கிறது அரசாங்கம். அறுவடையில வாங்கிக் களஞ்சியத்துல வச்சு, ஐப்பசி கார்த்திகையில கையை இறுக்கிறது பெரிய ஆலை. அந்த ஆறேழு மாசம் நெல்ல வச்சிருக்க யாருக்கு இடமும் வங்கிக் கடனும் ஈக்குதோ, அவங்கட பக்கம்தான் காசு போகுது.

6. தெமட்டகொட நாலாம் மாடி

நானா சொன்ன அந்த மார்கழி எனக்கும் ஞாபகம் இருக்கு. மூணு கடை ஏறி இறங்கி, கடைசியில கீரிச்சம்பா ஒரு கிலோ 260க்கு வாங்கிக் கஞ்சி வச்சன்.

எனக்குக் காணியும் இல்ல, ஆலையும் இல்ல. தையல் வேலை செஞ்சு மூணு பிள்ளைகளப் படிக்க வைக்கிறன். இந்த இழையில எல்லாரும் காசு யாருக்குப் போகுது எண்டு கேக்கிறீங்க. யார்கிட்ட இருந்து போகுது எண்டு யாராவது கேட்டீங்களா? நூல் பந்துக்கு, சவர்க்காரத்துக்கு, பிள்ளைட சப்பாத்துக்கு, எதுக்கும் 18 வீதம் வற் வரி. மானியம் வாறது அந்தப் பெட்டியில இருந்துதானே.

அரிசித் தட்டுப்பாட்டுக்கு வெளிநாட்டில இருந்து இறக்கினாங்க. 2025 தை மாசம் 10ஆம் திகதி வரைக்கும் 1,67,000 தொன் வந்ததாம். நல்லம் எண்டு நினைச்சன். பிறகு பாத்தா கிலோவுக்கு 65 ரூபா இறக்குமதி வரி, பஞ்ச நேரத்திலயும் அத எடுக்கல்ல. பெருக்கிப் பாருங்க, ஆயிரம் கோடிக்கு மேல. விவசாயியப் பாதுகாக்கத்தான் அந்த வரி எண்டு சொல்றாங்க. பாதுகாக்கட்டும், நான் அதுக்கு எதிர் இல்ல. ஆனா மார்கழி மாசம் எந்த விவசாயிட வீட்டில நெல்லு இருந்திச்சு? அந்த 65 ரூபா யார்ட களஞ்சியத்தப் பாதுகாத்திச்சு?

7. இரணைமடு வாய்க்கால்

அக்கா, மார்கழியில எங்கட வீட்டுக் கோர்க்காலியில இருந்தது விதைநெல் மிச்சம் ஒரு சாக்கு. அவ்வளவுதான். நீங்கள் கேட்டது சரியான கேள்வி.

8. படுவான்கரையான்

நானா கேட்ட விலையச் சொல்றன்.

எங்கட பக்கம் தை நடுவிலயே வெட்டுத் தொடங்கும். உத்தரவாத விலை அறிவிச்சது மாசி 5ஆம் திகதி. அப்பா வித்தது தை 27.

அண்டைக்கு நான் லீவில ஊரில நிண்டன். வெட்டு மிசின் காலம 10 மணிக்கு வயலுக்குள்ள இறங்கினது. மேற்கால கறுத்துக்கொண்டு வந்திட்டு. மிசின்காரர் மணித்தியாலக் கணக்கு, நிக்க மாட்டார். நெல்லு கொட்டக் கொட்டச் சாக்கில கட்டி வரம்பில அடுக்கினம். யாவாரியிட லொறி ஏற்கனவே றோட்டில நிக்குது. அவர் இறங்கி வந்து ஒரு பிடி நெல்லு எடுத்து, ரெண்டு மணியப் பல்லில கடிச்சுத் துப்பிட்டு, "பச்சத் தண்ணி ஐயா. 95" எண்டார். அப்பா 105 கேட்டார். யாவாரி வானத்தப் பாத்தார். அவ்வளவுதான் பேரம். மூடைக்கு ரெண்டு கிலோ சாக்குக்கும் ஈரத்துக்கும் எண்டு கழிச்சார்.

அரசாங்க நெல் சந்தைப்படுத்தும் சபையிட உத்தரவாத விலை 14 வீத ஈரப்பதத்துக்கு மேல போகாத காய்ஞ்ச நெல்லுக்குத்தான். காய வைக்க எங்களுக்குக் களமும் இல்ல, படங்கும் பத்தாது. தார் றோட்டில பரப்பினா ஒரு மழை போதும், எல்லாம் முளைச்சிரும்.

எல்லாத்திலயும் பெரிய விசயம் இன்னும் இருக்கு. உரக் காசு கணக்குக்கு விழுந்தது விதைச்சு ஒரு மாசத்துக்குப் பிறகு. முதல் யூரியா எறிய வேண்டியது ரெண்டாம் கிழமையில. அந்த உரத்த அப்பா கடனுக்கு எடுத்தார். யார்ட்ட? அதே யாவாரியிட்ட. விதைநெல்லு, களைக்கு அடிக்கிற மருந்து, உழவு மிசினுக்கு டீசல் எல்லாம் அவர்ட கொப்பியிலதான். வட்டி எண்டு வாயால சொல்ல மாட்டார், உரத்திட விலையில சேத்திருப்பார். கடன் வாங்கினவர் நெல்ல வேற ஆளுக்குக் குடுக்க ஏலாது. அதனாலதான் அவர் வானத்தப் பாத்தாலே பேரம் முடியுது.

95 ரூபா ஈரநெல்லு காய்ஞ்சு குறைஞ்சது போக அரிசியாகக்குள்ள 157 ரூபா அளவில நிக்கும். மொத்த விலை 225. ஏற்றுக்கூலி, ஆலைச் செலவு எவ்வளவு கழிச்சாலும் இடையில நிக்கிற காசு, 4 ஏக்கருக்கு வந்த மானியத்தப் போலப் பல மடங்கு. அப்பாட 100 மூடையில கணக்குப் போட்டுப் பாத்திட்டு, ராவு நித்திரை வரல்ல எனக்கு.

9. ஹட்டன் பொடியன் (கொட்டாஞ்சேனை)

எல்லாரும் நெல்லப் பத்தி பேசுறீங்க, நான் மலைப்பக்கத்துக் கதை ஒண்ணு சொல்றேன்.

எங்க தாத்தா லயத்துக்குப் பின்னாடி லீக்ஸ், கரட் போடுவாரு. கால் ஏக்கர் கூட வராது. காணிக்கு உறுதி கிடையாது, தோட்டத்துக் காணி. அதனால கமநல சேவைக்குப் போனா பேரே எழுத மாட்டாங்க. ஆனா எங்களுக்கும் மானிய உரம் வந்துச்சு தெரியுமா? அந்த 350 ரூபா காலத்துல நெல்லுக்குன்னு குடுத்த யூரியா கீழ் நாட்டுலேர்ந்து ராத்திரி லொறியில மேல ஏறி வரும். தாத்தா வாங்குனது மூட்டை 1,200 ரூபாவுக்கு. கடையில அத விட அதிகம், அதனால தாத்தாவுக்கும் அது மலிவுதான். மூட்டையப் பிரிச்சு உரத்த வாளியில கொட்டிட்டு, சாக்க உடனே அடுப்புல போட்டுருவாரு, யாராச்சும் பார்த்துருவாங்கன்னு. அந்த பிளாஸ்டிக் எரியுற வாடை இன்னும் மூக்குல இருக்கு. சின்ன வயசுல, தாத்தா ஏதோ திருடுறாருன்னு பயந்துகிட்டு இருந்தேன்.

350க்கும் 1,200க்கும் நடுவுல இருந்த 850 ரூபா லொறிக்காரனுக்கும் அவனுக்கு மூட்டையக் குடுத்தவனுக்கும் போச்சு. அது நெல்லு விவசாயியா, விவசாயிகள் அமைப்புல இருந்த பெரிய ஆளான்னு எனக்கென்ன தெரியும். அரசாங்கக் கணக்குல அது "நெல் விவசாயிக்கு"ன்னுதான் இருக்கும்.

தேயிலைக்கும் அப்பப்ப உரச் சலுகை குடுக்குறாங்க. கொழுந்து பறிக்கிற எங்கம்மாவுக்கு 2024ல நாள் சம்பளம் 1,350 ஆச்சு. உரம் மலிஞ்சதுக்காக அது 1,351 ஆகல.

10. நூலகத்து மூலை

ஹட்டன் அண்ணா எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். ஒரே பொருளுக்கு இரண்டு விலை வைத்தால் லொறி ஓடத்தான் செய்யும். இந்தியாவில் யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசுவதை 2015இல் கட்டாயமாக்கினார்கள். மானிய யூரியா தொழிற்சாலைகளுக்குக் கடத்தப்படுவதைத் தடுப்பதும் அதற்கு ஒரு காரணம்.

அங்கேயே இன்னொரு உண்மை. அரசின் ஆதரவு விலையில் நெல், கோதுமை விற்கும் விவசாயிகள் 6 வீதம்தான் என்று 2015இல் அந்த நாட்டு அரசு அமைத்த சாந்தகுமார் குழுவின் அறிக்கை சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடிக் கொடுப்பனவுகளில் ஏறத்தாழ 80 வீதம் 20 வீதமான பெறுநர்களுக்குப் போகிறது என்று பல வருடமாகப் பேசுகிறார்கள். பணக்கார நாடோ ஏழை நாடோ, நிலத்தையோ விளைச்சலையோ அளந்து கொடுத்தால் இதுதான் முடிவு.

எங்கள் உத்தரவாத விலை 1948இல் இருந்தே இருக்கிறது. நெல் சந்தைப்படுத்தும் சபை 1971இல் வந்தது. 2024/25 பெரும்போகத்தில் நெல் வாங்க ஒதுக்கியது 500 கோடி ரூபா. 120 ரூபாப்படி வாங்கினால் 41,000 தொன் அளவு வரும். ஒரு பெரும்போகத்தில் 25 இலட்சம் தொன் விளையும் நாட்டில் அது நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. இவ்வளவு வாங்கினால் சந்தை விலை அசையாது.

அண்ணா, உங்கள் அப்பா ஏட்டில் தன் பெயரைப் பதிய முடியும். குத்தகைக் குடியானவருக்கு 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தில் இருந்தே உரிமை உண்டு. இப்போது இருப்பது 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம். ஏன் அவர் பதியவில்லை?

11. இரணைமடு வாய்க்கால்

தங்கச்சி, சட்டத்தில இருக்கு. வயலில இல்லை. எங்கட இரண்டு ஏக்கர்க்காரரிட்ட இதைக் கேட்டுத்தான் அடுத்த போகம் அந்த இரண்டு ஏக்கரும் வேற ஆளுக்குப் போனது.

12. படுவான்கரையான்

நேற்று ராவு அப்பாவோட இதக் கதைச்சன். நூலகத்துத் தங்கச்சி கேட்டதக் கொஞ்சம் மாத்திக் கேட்டன், "ஏன் அப்பா பேரப் பதியல்ல" எண்டு இல்ல, "பதிஞ்சா என்ன" எண்டு.

கொஞ்ச நேரம் பேசல்ல. மாடு கட்டுற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார், "மகன், குடியானவன் எண்டு ஏட்டில ஏறினா பிறகு எழுப்ப ஏலாது. அது அவருக்கும் தெரியும். அதால பதிய விடமாட்டாங்க. 1958 சட்டம் வந்தநேரம் உன்ட அப்பப்பாவ இதுக்காகத்தான் முன்னக் காணியில இருந்து எழுப்பினது. சொந்தமாச் செய்யப் போறம் எண்டு சொல்லி எழுப்பி, ரெண்டு வருசத்தில வேற ஆளுக்குக் குடுத்தாங்க."

எனக்கு இந்தக் கதை இதுவரைக்கும் தெரியாது. 1958இல குடியானவனக் காப்பாத்த எழுதின சட்டம், அவன்ட பேர ஏட்டுக்கு வெளிய வைக்கிற காரணமாப் போயிருக்கு. அந்த ஏட்டப் பாத்துத்தான் இண்டைக்கும் காசு குடுக்கிறாங்க.

என்ட எண்ணத்தச் சொல்றன், பிழை எண்டா திருத்துங்க. காணி உரிமை ஏடு ஒண்டு, இந்தப் போகம் யார் விதைச்சது எண்ட ஏடு வேறொண்டு, ரெண்டையும் பிரிக்கணும். வட்டவிதானைக்கு எந்த வரவையில, எந்த வயல் துண்டில, யார் செய்றான் எண்டு நல்லாத் தெரியும், தண்ணி விடுறதே அவர்தானே. அவர் கையெழுத்தோட போகத்துக்கு ஒருக்கா எழுதி, குடியானவன்ட காணி உரிமைக்கும் அதுக்கும் தொடர்பில்ல எண்டு சட்டத்தில சொன்னா, போடியார் பயப்பட மாட்டார், அப்பாவும் பயப்பட மாட்டார். குத்தகை கூடுறத அது நிப்பாட்டாது எண்டு எனக்கும் தெரியும். ஆனா வெள்ளம், வரட்சி வந்து இழப்பீடு குடுக்கிற நாளில பேர் இருக்கும். கடனுக்கு வங்கிக்குப் போகலாம்.

உரக் காச விட எங்களுக்குத் தேவை ஒரு காயவைக்கிற களமும் ஒரு மாசக் கடனும். நெல்ல ஒரு மாசம் வச்சிருந்தா 95, 120 ஆகியிருக்கும். 4 ஏக்கரில அந்த 25 ரூபா, காய்ஞ்சு குறையிற நிறையக் கழிச்சாலும், மானியத்தப் போல ரெண்டு மடங்குக்கு மேல.

13. தெமட்டகொட நாலாம் மாடி

தம்பி, களத்துக்கும் கடனுக்கும் எண்டா என்ட வற் வரியில இருந்து தாராளமா எடுக்கட்டும். மனசார சொல்றன்.

14. ஹட்டன் பொடியன்

விதைச்சவங்க பேரை எழுதுற ஏடு வந்தா எங்க லயத்துக்குப் பின்னாடி இருக்குற லீக்ஸ் பாத்தியையும் எழுதச் சொல்லுங்க அண்ணே. தாத்தா இல்ல, இப்ப அம்மாதான் பாக்குறாங்க.

15. மருதானை அரிசிக்கடை

தம்பி படுவான்கரை, வாப்பாட்ட ஒண்டு கேட்டுச் சொல்லுங்க. சிறுபோகத்துல வெயில் ஈக்கும் தானே, காய வைக்க லேசு. 20 மூடையக் காய வச்சு, ஊர்ல சின்ன ஆலையில அவிச்சுக் குத்தி அரிசியா அனுப்பினா நான் எடுக்கிறன். லொறிக் கூலி எனக்கும் உங்களுக்கும் பாதி. காசு இறக்கின அண்டைக்கே. யாவாரிட கொப்பியில எவ்வளவு நிக்குது எண்டும் கேளுங்க, அதத் தீர்க்காம அவர் மூடைய வெளிய விடமாட்டாரு. என்ன நெல்லு போடுறாரு, நாடா சம்பாவா?

16. படுவான்கரையான்

நாடுதான் நானா. கொப்பியில எவ்வளவு எண்டு கேட்டுட்டு, வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைக்கு நேர வாறன்.